காயம்.தழும்பு - எங்கே?

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் என் அண்ணன் வெயிலுமுத்து. மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கவேண்டும். உங்கள் மடியில் இருக்கிற பையைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் வேலையா என்று கேட்டேன். ஆமாம் என்றீர்கள். அப்படியென்றால் உங்கள் ஆட்களும் அந்த வரிசையில் உண்டு, தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கயத்தாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் சொல்கிறேன், கேளுங்கள். காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டால் நல்லது.

நான் லாரி ஓட்டியவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஊர்ப் பலகை படிக்க அது போதும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு நிற்கும்போது எங்கள் ஆத்தாள் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. எங்கள் ஆட்களில் அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான். ஆத்தாளுக்கு இளையவன். இளையவன் நான். அந்த ஒன்றுதான் எனக்கென்று எழுதியிருந்தது. நிலம் நீச்சு எல்லாம் மூத்தவன் பார்த்துக்கொண்டான், நான் கேட்டதே இல்லை. கொள்ளி என்னுடையது.

இரண்டு நாள் தூங்காமல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வந்தபோது சாம்பல் இருந்தது. அண்ணன் மொட்டைத்தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

காத்திருந்தார்களாம். கரண்டு போய்விட்டதாம், ஐஸ் பெட்டி வேலை செய்யவில்லையாம். ஊர்க்காரர்கள் நெருக்கினார்களாம். எல்லோரும் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். அவன் சொல்லவேண்டியது ஒரு வார்த்தை. ‘நான் செஞ்சது தப்பு, தளவாய்.’ தளவாய் என்பது என் பேர். அந்த வார்த்தை வரவில்லை. வருகிற வரைக்கும் உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிதிக்கவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. பந்தலுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன், அது வேறு.

இந்த வருடம் பங்குனியில் மதினி என் வீட்டுக்கு வந்தாள். உலகம்மாள் என்று பேர். நான் வாசலில் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“கொழுந்தனாரே, அவுகளக் காணும்.”

“யார?”

“யாரன்னா கேக்கீக? உங்க அண்ணனத்தான். மறதி நோய் வந்து ரெண்டு வருசமாச்சு. உங்களுக்கு யாரு சொல்லுவா. கதவத் தொறந்து போட்டுட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன், அதுக்குள்ள போயிட்டாக.”

“போனா வருவான். எனக்கு என்ன?”

மதினி என்னையே பார்த்தாள். “உங்களுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீகளே. ஆளே போயிட்டா யாருட்ட வாங்குவீக?”

பொம்பளை பேசுகிற பேச்சா அது? ஆனால் நியாயம் அதில் இருந்தது. கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். அவனுக்காகக் கிளம்பவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

எங்கே எல்லாம் தேடினேன் என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிற கிழவர்களின் போர்வையை எல்லாம் விலக்கிப் பார்த்து அடி வாங்கினேன். கோவில் வாசல், ரயிலடி, சந்தை. பெரியாஸ்பத்திரியில் பிணவறைக்குப் போனேன். ஆள் தெரியாத உடல் வந்தால் போன் செய்யச் சொல்லியிருந்தேன். செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் துணியை விலக்குகிறவன், “பாத்துச் சொல்லும் பெரியவரே” என்பான். நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடது காதுக்குக் கீழே பார்ப்பேன். அண்ணனுக்கு அங்கே ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. சின்ன வயதில் நான் கிணற்றில் விழுந்துவிட்டேன். தூக்க வந்தவன் நிதானமாக இறங்கவேண்டாமா? மேலே இருந்து அப்படியே குதித்தான், படிக்கல்லில் போய் இடித்துக்கொண்டான். அவன் எப்போதும் அவசரக்காரன். கொள்ளியிலும் அதே அவசரம்தான்.

தழும்பு இல்லை என்றதும் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றுகொள்வேன். அதற்கப்புறம்தான் டீ இறங்கும்.

காப்பகங்களுக்கு எல்லாம் போன் செய்தேன். வீட்டை விட்டு வந்தவர்களை வைத்திருக்கிற இடங்கள், ஊருக்கு ஊர் இருக்கிறது. “வெயிலுமுத்துன்னு யாரும் வந்திருக்காங்களா?” “இல்லையே ஐயா.” எல்லா இடத்திலும் இதே பதில். அப்போதுதான் ஒருவர் சொன்னார், திருநெல்வேலியில் ‘காணாதோர் தேடல் மையம்’ என்று ஒன்று இருக்கிறது, எல்லாக் காப்பகத்துக் கணக்கும் அங்கே கம்ப்யூட்டரில் வந்து விழும் என்று. கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஜெப ரூபி. என் வரிசையில் இரண்டாவது ஆள் அவள்.

“பேரு சொல்லுங்க ஐயா.”

“வெயிலுமுத்து.”

தட்டினாள். “இல்ல.”

“காதுக்குக் கீழ தழும்பு இருக்கும்மா, அதப் போட்டுப் பாரு.”

தட்டினாள். “அதுவும் இல்ல ஐயா.”

படம் இருக்குமே, காட்டு என்றேன். படம் அனுப்பக்கூடாது, அவர்கள் மானம் போகும், எழுத்து மட்டும்தான் வரும் என்றாள். தினமும் புது ஆட்கள் வருவார்கள், நாளைக்குக் கேளுங்கள் என்றாள். நான் நாளைக்குப் போன் செய்யவில்லை. நேரிலேயே போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அவள் வந்து கதவைத் திறப்பதற்கு முன்னால் படியில் உட்கார்ந்திருப்பேன். “இல்ல” என்பாள். மத்தியானம் மறுபடியும் கேட்பேன். “இல்ல ஐயா, நான் இப்பத்தானே பாத்தேன்” என்பாள். டீ வாங்கித் தருவாள். எனக்கு டீயா வேண்டும்?

ஒரு நாள் பிணவறையிலிருந்து நேரே அங்கே போனேன். அன்றைக்குப் பார்த்த உடலுக்கு முகம் சரியில்லை, தம்பி. காதும் சரியில்லை. இது இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, இதுதான் என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் கால் விரலைப் பார்த்துத்தான் இல்லை என்றேன். படியேறி வந்து அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்தேன். சத்தம் போட்டேன். “இந்தப் பெட்டி இல்லன்னா இல்லன்னு எப்படிம்மா நம்புறது? இது போய்ப் பாத்ததா? எந்த வீட்டுக்குள்ள போய்ப் பாத்தது?”

அவள் நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டாள்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு காப்பகத்துக்காரரும் ஒரு ஆளுக்கு ஒரு பை கட்டி அனுப்புறாங்கன்னு வச்சுக்குங்க. பைக்குள்ள சின்னச் சின்னப் பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் ஒரு பேரு ஒட்டியிருக்கும். பேரு, வயசு, அடையாளம்னு. இதுக்கு ஜேசன்னு சொல்லுவோம்.”

ஜேசன் என்றதும் நான் அது ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எங்கே இருக்கிறார், நான் நேரில் பேசுகிறேன் என்றேன். அவ்வளவு வருத்தத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கட்டும்.

“ஆள் இல்ல ஐயா, கட்டுற முறை. நான் அந்தப் பையிடம் கேள்வி கேக்குறதுக்கு எஸ்.க்யூ.எல்.னு ஒரு பாஷை. ‘அடையாளம்னு எழுதின பொட்டலத்தப் பிரி, உள்ள காதுன்னு இருக்கா பாரு’ன்னு கேட்டேன். ஆனா எல்லாரும் அடையாளம்னே எழுதுறது இல்ல. அவங்கவங்க இஷ்டத்துக்குப் பேர் ஒட்டிக்கலாம்னு விட்டிருக்கு. வேற பேர் ஒட்டின பையில அந்தப் பொட்டலம் இருக்காது. அப்ப அது என்ன செய்யும்னா, ‘தெரியாது’ன்னு வச்சுக்கிட்டு அந்தப் பையை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரும்.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். இல்லன்னு ஏன் சொல்லிச்சு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அது இல்லன்னு சொல்லல ஐயா. வெறும் திரையைத்தான் காட்டிச்சு. இல்லன்னு சொன்னது நான்.”

நான் அவளை மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், கேட்காமலே சொன்னாள்.

பிறகு அவள் வேறு மாதிரிக் கேட்டாள். ஆளைத் தேடாதே, எந்தெந்தப் பேரில் பொட்டலம் வந்திருக்கிறது என்று மட்டும் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டு என்று. திரை முழுக்க வந்து விழுந்தது. அடக் கடவுளே, மனுஷர்கள் எப்படி எல்லாம் பேர் வைக்கிறார்கள். ஒருத்தர் ‘உடம்பு குறி’ என்று எழுதியிருக்கிறார். ஒருத்தர் ‘மச்சம்/மரு/இதர’ என்கிறார். ஒரு காப்பகத்தில் ‘சாப்பாடு ஒழுங்கா சாப்பிடுறாரா’ என்பதே ஒரு பேர். நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன், அவள் எனக்காக மெதுவாக நகர்த்தினாள். அதில் ஒன்று இப்படி இருந்தது: காயம்.தழும்பு - எங்கே?

“இதக் கேளும்மா” என்றேன். அவளும் அதில்தான் கையை வைத்திருந்தாள்.

கேட்டாள். பெட்டி சிவப்பாக எதையோ காட்டியது. “என்னம்மா?” என்றேன். காயத்துக்கும் தழும்புக்கும் நடுவில் புள்ளி இருக்கிறதல்லவா, அதைப் பார்த்ததும் காயம் என்று ஒரு பை, அதற்குள் தழும்பு என்று இன்னொரு பொட்டலம் என்று நினைத்துக்கொள்கிறதாம். கோட்டைப் பார்த்தால் கழித்தல் கணக்கு என்று நினைக்கிறதாம். இடம் விட்டு எழுதியிருந்தால் அதோடு பேர் முடிந்துவிட்டது என்று நின்றுவிடுகிறதாம். ஒரு பேரைப் பேர் என்று அதற்குத் தெரியவில்லை. இத்தனை நாள் இதை நம்பித்தான் நான் பிணவறை வாசலில் நின்றேன்.

“ரெட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டாச் சரியாயிரும் ஐயா. உள்ள இருக்கிறத உடைக்காம ஒரே பேரா எடுத்துக்கும்.”

போட்டாள். சிவப்புப் போய்விட்டது. வெறும் திரை வந்தது.

நான் எழுந்துவிட்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். எங்கே போகப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அங்கே உட்கார முடியவில்லை. மதினி வீட்டில் காத்துக்கொண்டிருப்பாள், அவளிடம் போய் என்ன சொல்வது? மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பேன்.

“ஐயா, நில்லுங்க, நில்லுங்க” என்றாள் மேலே இருந்து. “கேள்விக்குறிக்குப் பின்னால ஒரு இடம் விட்டிருக்கார். கண்ணுக்குத் தெரியாது. நான் கையால அடிச்சப்ப அந்த இடம் வரல, அதனால பேரு ஒட்டல. அவரு எழுதினத அப்படியே எடுத்து வச்சுக் கேக்கேன்.”

ஏறி வந்தேன். அவர் ஒட்டின பேரை அப்படியே தூக்கி, மேற்கோள் குறிக்குள் வைத்து, காது என்று இருக்கிறதா என்று கேட்டாள்.

திரையில் நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒரு வரியில் ‘இடது காதுக்குக் கீழ், பழைய வெட்டு’ என்று இருந்தது. கயத்தாற்றுக்குப் பக்கத்தில் நான்குவழிச் சாலையை ஒட்டி ஒரு காப்பகம். எவ்வளவு கிட்டத்தில், பாருங்கள். அந்தக் காப்பகத்துக்கும் நான் போன் செய்திருக்கிறேன். வெயிலுமுத்துவா, அப்படி யாரும் இல்லை என்று சொன்ன இடம் அது.

ரூபி அந்த வரியைக் கடைசி வரை படித்தாள். “லாரிகள் நிக்கிற இடத்துல கண்டுபிடிச்சாங்களாம். நாக்பூர் வண்டி வந்துருச்சான்னு ஒவ்வொரு லாரியா நிறுத்திக் கேட்டாராம். சொன்ன பேரு…” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஐயா, தளவாய்ங்கிறது யாரு?”

“நான்தான்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்குக் கண் கலங்கினாளோ தெரியாது. எனக்கு வந்தது ஆத்திரம். பாருங்கள் தம்பி, முதலில் கொள்ளியைப் பிடுங்கினான். இப்போது பேரையும் பிடுங்கிக்கொண்டான். என் பேரில் போய் உட்கார்ந்துகொண்டு சோறு தின்கிறான். அவன் பேரைச் சொல்லியிருந்தால் முதல் போனிலேயே கிடைத்திருப்பான் இல்லையா? இரண்டு மாதம் என்னை நாய் மாதிரி அலையவிட்டதும் அவன்தான்.

மதினியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போனேன். காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அருளப்பன் என்று ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தக் காயம், புள்ளி, கோடு, கேள்விக்குறி எல்லாம் அவர் வேலை.

“வெவரமா இருக்கட்டும்னுதான் வச்சேன்” என்றார்.

“உம்ம வெவரத்துல ஒரு மனுசன் காணாமப் போயிட்டான் வே. சரி, வெயிலுமுத்துவத் தளவாய்னு எப்படி எழுதினீரு?”

“பேரென்னன்னு கேட்டா அதான் சொல்லுதாரு. வந்த நாள்ல இருந்து வாயத் தொறந்தா தளவாய், தளவாய்தான். சாப்பிடக் கூப்பிட்டா, தளவாய் சாப்பிட்டானான்னு கேப்பாரு. ஒருவேளை அவரு பேரத்தான் அப்படிச் சொல்லுதாரோன்னு எழுதிட்டேன்.”

பேர் கேட்டால் பேரைச் சொல்லவேண்டாமா?

அண்ணன் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுப் பெஞ்சில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பாதியாகிவிட்டான். சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறான் என்று தேடவேண்டியிருந்தது. மதினி அவன் காலடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளையும் அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் துடைக்கவிட்டான். நான் எதிரே போய் நின்றேன். வருகிற வழியெல்லாம் கேட்கவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

“யாரு வே நீரு?” என்றான்.

“தளவாய்.”

மேலும் கீழும் பார்த்தான். “தளவாய் சின்னப் பய வே. தலை கருகருன்னு இருக்கும். காக்கிச் சட்டை போட்டிருப்பான். நீரு பெரிய மனுசன், எதுக்குப் பொய் சொல்லுதீரு?”

“ஆத்தாளுக்கு நீ கொள்ளி வச்சியா இல்லையா, அதச் சொல்லு.”

உதட்டில் விரலை வைத்தான். “மெதுவா. ஆத்தா உள்ள கிடக்கா. இன்னும் எடுக்கல. ஊர்க்காரன் எல்லாம் எடு எடுன்னு நிக்கான். நான் விடல. என் தம்பி வண்டியில வந்துகிட்டு இருக்கான். அவன் வந்துதான் வைக்கணும். அதுவரைக்கும் எவன் கை வச்சாலும் வெட்டிருவேன்.”

சொல்லிவிட்டு மறுபடியும் சாலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

பொய், தம்பி. வைத்தவன் அவன். ஊரே சாட்சி, மொட்டைத்தலையை நான் கண்ணால் பார்த்தேன். வைத்துவிட்டு வைக்கவே இல்லை என்கிறான். செய்ததையே இல்லை என்று சொல்கிறவனிடம் தப்பு என்கிற வார்த்தையை எப்படி வாங்குவது? அருளப்பன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கார் கொண்டுபோனோம். கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். தம்பி வந்தால் நான் இல்லாமல் திரும்பிப் போய்விடுவான் என்கிறான். அந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்கிறான். மதினி இப்போது அங்கேயே தங்கிச் சமையலுக்கு ஒத்தாசை செய்கிறாள். நான் வாரம் தவறாமல் போகிறேன். ஒவ்வொரு வாரமும் யாரு வே நீரு என்கிறான். ஒவ்வொரு வாரமும் இளைத்துக்கொண்டே வருகிறான். பாதிச் சோற்றை இலை ஓரத்தில் தள்ளிவைத்துவிடுகிறான், தம்பிக்காம். போன வாரம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன், உங்களுக்கும் அந்த எஸ்.க்யூ.எல். பாஷை தெரியுமே என்று. ஆள் தலைக்குள் இருப்பதைக் கேட்டு வாங்க அதில் வழி இருக்கிறதா? ரூபியிடமும் கேட்டேன். இல்லை ஐயா என்றாள். அவள் இல்லை என்று சொல்வதை நான் எப்படி நம்புவது?

உள்ளேதான் இருக்கிறது. எனக்குத் தெரியும். கூப்பிடுகிற பேர்தான் ஒட்டவில்லை. அவர் எழுதினதை அப்படியே வைத்துக் கேட்கவேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாளே, அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். இன்றைக்குக் காலையில் சலூனுக்குப் போய்த் தலைக்கு மை அடித்தேன். மீசைக்கும்தான். நீங்கள் ஏறினதிலிருந்து பார்க்கிறீர்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். சிரிக்கவேண்டுமானால் சிரியுங்கள். காக்கிச் சட்டை கடன் வாங்கினது, தோளில் பிடிக்கிறது. சாலையில் தெரிந்த டிரைவர் ஒருவன் லாரியோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். அதில் ஏறிப் போய்க் கேட்டுக்கு முன்னால் இறங்கப்போகிறேன்.

என்னை அடையாளம் தெரிந்தால்தானே அவன் மன்னிப்புக் கேட்பான்.

இதோ, நிறுத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். அடையாளம் தெரிந்து, அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாமல் வேறு ஏதாவது பேசினால், வா தம்பி, சாப்பிட்டாயா என்று கேட்டு மழுப்பினால், நான் விடமாட்டேன். அடுத்த வாரமும் வருவேன். எனக்குச் சேரவேண்டியது அவனிடம்தான் நிற்கிறது.